லோய்தாவுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தது யார்

நிக்கானோருக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டு நன்றாகச் சூடுபிடித்து, ஆடுகிறவர்கள் வேர்த்து விறுவிறுத்து, இனி நிறுத்தினால் அடி விழும் என்கிற கட்டத்தில் கொங்கா மத்தளத்தை ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் மைக்கைப் பிடித்துவிடுவார். குழுவில் இருக்கிற ஒவ்வொருவரும் எந்த ஊர், யாரிடம் குட்டு வாங்கி வாசிக்கக் கற்றார்கள் என்று ஜாதகம் படிக்க ஆரம்பிப்பார். இந்த பிராங்க்ஸ் பேட்டையில் எல்லா லத்தீன் ஜாஸ் குழுத் தலைவர்களும் செய்கிற காரியம்தான் இது. ஆனால் மற்றவர்கள் ஒரு வரியில் முடித்துக்கொள்வார்கள். நிக்கானோருக்கு மைக் கிடைத்தால் ஊர் தாங்காது.

"டிராம்போன்ல நம்ம இர்விங் லெவிட்டன்! யூத வீட்டுப் பிள்ளை, ஆனா பக்கத்துத் தெருப் பிள்ளை. மலை மேல இருக்கிற ஓட்டலுங்கள்ல, கோடை விடுமுறைக்கு வர்ற மாமிங்க ஆடறதுக்கு மாம்போ வாசிச்சே வளர்ந்தவரு. வாசிச்சது போதும், கூட ஆடுன்னு ஒரு மாமி கையைப் பிடிச்சு இழுத்ததும் ஓடி வந்துட்டாரு. நமக்கு லாபம்!"

"பேஸ்ல எவாரிஸ்தோ! கியூபாவுல மத்தான்சாஸ். அப்பன், பெரியப்பன் எல்லாரும் கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டுக் கனவான்களுக்கு வாசிச்ச பரம்பரை. அதனாலதான் இஸ்திரி போடாத சட்டையில இவருக்கு வாசிப்பு வராது!"

"டிரம்ஸ்ல டாகோ! ராணுவ பேண்டுல இருந்தவன். கொஞ்சம் அசந்தா மேடையை விட்டு இறங்கி அணிவகுத்துப் போயிடுவான், யாராவது பிடிச்சுக்கங்க!"

தன்னைப் பற்றியும் விடமாட்டார். சாந்தூர்சேவில் பிறந்தாராம். நாலு மாமன்களாம். ஆளுக்கொரு பீப்பாய் மத்தளமாம். வீட்டில் படுக்க இடமில்லாமல் ஒரு மத்தளத்துக்குள்ளேயே தூங்கி வளர்ந்தாராம். உப்பு, காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்குமே தவிர எல்லாமே உண்மைதான்.

பியானோவுக்கு வரும்போதுதான் வேடிக்கை. லோய்தாவைப் பற்றி நிக்கானோர் சொன்னதில் ஒரு சொல்கூட ஒரு நாளும் உண்மையாக இருந்ததில்லை. ஒரு கச்சேரியில், அவளுக்குப் பாரீசில் ஒரு கோமாட்டி வாத்தியார். அடுத்த கச்சேரியில், சாந்தியாகோவில் கண் தெரியாத மிட்டாய்க்காரர் ஒருவர். இன்னொரு முறை அவள் நடுக்கடலில் கப்பலில் பிறந்து, கேப்டனின் பியானோவுக்கு அடியில் தவழ்ந்தவள். வழக்கமாக வருகிறவர்களுக்கு இது பழகிப் போய்விட்டது. லோய்தாவின் முறை வந்ததும், "இன்னிக்கு வாத்தியார் யாருப்பா?" என்று கூட்டத்திலிருந்து குரல் எழும். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைப் பியானோவுக்குள் நுழைத்துக்கொள்வாள்.

பொய் சொல்லச் சொன்னதே அவள்தான்.

வாரத்தில் ஆறு நாள் லோய்தா மல்தொனாதோ மாநகரப் பேருந்து ஓட்டினாள். வயது நாற்பத்தைந்து. அகலமான தோள், அதைவிட அகலமான சிரிப்பு. ஏறுகிற கிழவர்கள் உட்காருகிற வரை வண்டியை நகர்த்த மாட்டாள். அவசரப்படுத்துகிற ஆசாமிகளைக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பாள், அவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எந்த மேலதிகாரி கெஞ்சினாலும் வண்டி எடுக்க மாட்டாள். அன்று அவள் ரட்சிப்பின் பாறை சபையின் பியானோக்காரி. சபையின் பாஸ்டர் எலேயாசார் மல்தொனாதோ அவளுடைய அப்பா.

அந்தச் சபை முன்னொரு காலத்தில் மெத்தைக் கடையாக இருந்த இடம். கோடையில் இன்றைக்கும் பஞ்சு வாசனை வரும். லோய்தாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பியானோ வாசித்துக்கொண்டிருந்த சகோதரி கல்யாணமாகிப் புளோரிடாவுக்குப் போய்விட்டாள். பாஸ்டர் மகளைத் தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்தார். பியானோவின் ஒரு கட்டைக்குக்கூட என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவருக்குக் காது உண்டு. மத்தளச் சத்தம் ஓயாத குவாயாமா ஊரில் பிறந்த காது. பக்கத்தில் நின்று பாடுவார். குழந்தை தேடித் தேடி அழுத்தும்.

"அது இல்ல. பக்கத்து வீடு."

அழுத்துவாள்.

"இப்ப வாசல் வரைக்கும் வந்துட்ட. உள்ள போ."

இப்படியே வீடு வீடாகத் தட்டித்தான் அவள் முழுத் தெருவையும் கற்றாள். அதைவிடப் பெரிய பாடம் சாட்சி நேரத்தில் நடந்தது. ரட்சிப்பின் பாறையில் யார் வேண்டுமானாலும் எழுந்து, தேவன் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லலாம். சொல்லிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று பாடத் தொடங்கலாம். எந்தச் சுருதியில் என்று பாடுகிறவருக்கே தெரியாது. சகோதரி பிரிசிலா ஒரு சுருதியில் ஆரம்பித்து, நடுவில் அழுதுவிட்டு, வேறொரு சுருதியில் மீள்வாள். பியானோக்காரி இரண்டாவது சொல்லுக்குள் அவளைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் மேடையிலிருந்து அப்பா தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்குப் பயந்தே லோய்தா, மனிதர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர்கள் எங்கே போகப் போகிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பழகினாள்.

அந்தச் சபைக்கு ஒரு சட்டமும் உண்டு. சினிமா, சூதாட்டம், நடனம், உலகப் பாட்டு எதில் மாட்டினாலும் ஒழுங்கு நடவடிக்கை. மூன்று மாதம் கடைசி பெஞ்சு. அந்த மூன்று மாதமும் பாடக்கூடாது, சாட்சி சொல்லக்கூடாது, வாத்தியம் தொடக்கூடாது. லாட்டரிச் சீட்டு வாங்கிய பிரதர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பிரிசிலாவே ஒரு முறை உட்கார்ந்திருக்கிறாள், தங்கச்சி கல்யாணத்தில் ஆடியதற்காக. "ஒரு காலை மட்டும்தான் பாஸ்டர் ஆட்டினேன்" என்று அழுதாள். ஒரு காலுக்கும் மூன்று மாதம்தான் என்றார் பாஸ்டர். யாருடைய கண்ணீரும் அவரிடம் பலித்ததில்லை.

இதெல்லாம் தெரிந்தும் லோய்தா மாட்டிக்கொண்டது அவளுடைய கட்டைவிரலால்.

லத்தீன் இசைக்கு அஞ்சு தட்டு அடித்தளம். ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு. வாத்தியக்காரர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அந்த அஞ்சு தட்டின் மேல்தான் ஏறி நிற்க வேண்டும். பக்கம் மாறி ஏறினால் 'குறுக்கே போய்விட்டது' என்பார்கள். சத்தம் என்னவோ வரும். ஆனால் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது லோய்தாவின் கட்டைவிரல் ஸ்டியரிங்கில் அந்த அஞ்சையும் தட்டிக்கொண்டிருந்தது. வைப்பர் தன்பாட்டுக்கு ஒரு தாளத்தில் ஆடியது. இரண்டுக்கும் நடுவில் அவள் ஒரு மெட்டை முணுமுணுத்தாள். லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நிக்கானோர் தன் கருவிப் பெட்டியோடு எழுந்து முன்னால் வந்துவிட்டார்.

"அம்மணி, எந்த பேண்டுல வாசிக்கிறீங்க?"

"பேண்டா? நான் சபையில வாசிக்கிறேன். மஞ்சக் கோட்டுக்குப் பின்னால நில்லுங்க."

"எந்தச் சபை? நானும் வரேன்."

"வாங்களேன். வந்து மனந்திரும்புங்க."

வந்தார். மனந்திரும்பவில்லை. பியானோவைக் கேட்டுவிட்டு, திறந்த வாயை மூடாமல் வெளியே போனார். மறுநாள் மழையில் பேருந்து நிறுத்தத்தில் நின்று, வந்த வண்டிகளையெல்லாம் விட்டுவிட்டு, அவள் வண்டியில்தான் ஏறினார். ஒரு மாதம் இதே கதை. கடைசியில் லோய்தா ஒத்துக்கொண்டாள். ஒரே நிபந்தனை: அவள் எந்தச் சபை, யார் மகள், எங்கே கற்றாள் என்கிற பேச்சே மேடையில் வரக்கூடாது. பாவ விஷயத்தை அவள் தேவனிடம் நேரடியாகப் பேசி ஒருமாதிரி தீர்த்துக்கொண்டாள். அப்பாவிடம் அப்படிப் பேச முடியவில்லை. அவர் வாயாலேயே அவள் பெயரைச் சொல்லி, அவர் உட்கார வைத்த ஸ்டூலிலிருந்து அவரே இறக்கிவிடுவாரே என்பதுதான் அவள் பயம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. ஒத்திகையானாலும் கச்சேரியானாலும் அப்பாவிடம் யூனியன் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஒத்திகை நடந்தது எவாரிஸ்தோவின் சலவைக் கடைப் பின்கட்டில். தொங்குகிற கோட்டுகளுக்கு நடுவே நீராவியில் வெந்துகொண்டே வாசிப்பார்கள். வாசிப்பைவிடச் சண்டைதான் அதிகம். ஒவ்வொருவரும் வளர்ந்த இடம் அவரவர் கையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"டாகோ, இது போர்க்களம் இல்லப்பா. பொண்ணுங்க ஆடணும்" என்பார் எவாரிஸ்தோ.

"நீங்க வாசிக்கிற வேகத்துல பொண்ணுங்களுக்குக் கல்யாணமாகிப் பேரன் பிறந்துடுவான்."

"இர்விங், பாட்டு முடிஞ்சு போச்சு. ஏன்யா இன்னும் இழுக்கறீங்க?"

"ஓட்டல்ல அப்படித்தான். கடைசி மாமி உக்கார்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

லோய்தா சண்டையில் சேர மாட்டாள். யார் எங்கே வழிதவறிப் போனாலும் அவள் அங்கே இருப்பாள். இர்விங் ஒரு நாள் டிராம்போனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் பாதை தெரியாம எந்தச் சந்துக்குள்ள போனாலும், இவ முன்னாடியே போய் விளக்கைப் போட்டு வெச்சிருக்கா. எப்படிம்மா?"

"எங்க சபையில பிரிசிலான்னு ஒரு சிஸ்டர் இருக்காங்க. அவங்களைவிடவா நீங்க?"

இப்படி ஆறு வருஷம் ஓடியது. ஆறாவது வருஷம் ஜூன் மாதத்தில் நிக்கானோர் ஒரு செய்தி கொண்டு வந்தார். தெருத் தோட்டத்து விழாவுக்கு வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், சனிக்கிழமை மத்தியானம். எரிந்துபோன கட்டடம் ஒன்று நின்ற இடத்தில் அக்கம்பக்கத்தார் தக்காளியும் சோளமும் போட்டு, நடுவே மரப்பலகையால் சின்னதாக ஒரு வீடு கட்டி, சேவல்கூட வளர்த்த தோட்டம் அது. லோய்தாவின் தெரு. ரட்சிப்பின் பாறையிலிருந்து கல்லெறி தூரம்.

"முடியவே முடியாது. அந்தத் தோட்டத்துச் சேவலுக்குக்கூட எங்கப்பாவைத் தெரியும்" என்றாள்.

"சரி, வேற பியானோ ஆளைப் பாக்கறேன்" என்றார் நிக்கானோர், கள்ளத்தனமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு.

அது அவளைச் சுட்டது. ஊர் ஊராகப் போய் யார் யாருக்கோ வாசித்தாகிவிட்டது. தினமும் பேருந்தில் ஏற்றி இறக்குகிற தன் தெரு ஜனங்கள் ஆட ஒரு நாளாவது வாசிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது, சொல்லிக்கொள்ளவில்லை. அந்தச் சனிக்கிழமை அப்பா பென்சில்வேனியாவில் நடக்கிற சபைக் கன்வென்ஷனுக்குப் போகிறார் என்பது நினைவுக்கு வந்ததும், டிப்போவில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுச் சரி என்றுவிட்டாள்.

கன்வென்ஷனுக்குப் புறப்பட்ட சபை வேன், பாலத்தைத் தாண்டும் முன்பே புகைவிட்டுப் படுத்துவிட்டது. இது லோய்தாவுக்குத் தெரியாது. அவள் தோட்டத்தில், வாடகைக்கு எடுத்த பியானோவின் முன் உட்கார்ந்து, வாழ்க்கையில் எப்போதும் வாசிக்காத மாதிரி வாசித்துக்கொண்டிருந்தாள். உப்பு மீன் போட்ட பாக்கலாவ் வடை எண்ணெயில் பொரிகிற வாசனை தெரு முழுக்க. தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டுப் பிள்ளைகள் நனைந்தார்கள். அவள் வண்டியில் தினமும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற கிழவி தோன்யா எமெரித்தா, முழங்காலை எங்கே கழற்றி வைத்தாளோ, ஒரு மீசைக்காரரோடு சுழன்று ஆடினாள். லோய்தாவுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

அப்போது நிக்கானோர் மைக்கைப் பிடித்தார். இர்விங், எவாரிஸ்தோ, டாகோ எல்லாரும் ஆயிற்று.

"பியானோவுல லோய்தா!"

"வாத்தியார் யாருப்பா?" என்றது கூட்டம்.

"கேட்டா அழுதுடுவீங்க. மார்த்தினிக் தீவுல ஒரு கிழட்டுப் பிரெஞ்சுக்காரி, பரிதாபப்பட்டுச் சொல்லிக் கொடுத்தா. ஏன்னா இவ வீட்டுல இசைன்னா என்னன்னே தெரியாது. இவ அப்பா, பாவம், பிறவியிலேயே செவிடு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. லோய்தாவும் சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பினாள். வடைக் கடை ஓரத்தில், கன்வென்ஷனுக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு, கையில் பாதி தின்ற வடையோடு, அப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் சகோதரி பிரிசிலா, வாயில் முழு வடையோடு.

லோய்தாவின் இடது கை அரைத் தட்டு நழுவியது. அவள் போகிற இடமெல்லாம் நம்பிப் போய்ப் பழகிய எவாரிஸ்தோ, பேஸை அப்படியே அவள் பின்னால் திருப்பினார். டாகோ தன் இடத்திலிருந்து அசையவில்லை. நிக்கானோர் யாரோடு போவது என்று தெரியாமல் நடுவில் நின்றார். இர்விங் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவர், அவருக்கு எதுவுமே தெரியாது. பாட்டு நட்ட நடுத்தெருவில் குறுக்கே போய், நாலு தடவை தடுக்கி, நின்றுவிட்டது. தோன்யா எமெரித்தா ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள்.

பாஸ்டர் நடந்து வந்தார். வடையை நிக்கானோரிடம் நீட்டினார்.

"இதைப் பிடி."

மைக்கை வாங்கிக்கொண்டார். மைக் கையில் ஏறியதும் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார்.

சேவல்கூடக் கப்சிப்.

"இவ பேரு லோய்தா மல்தொனாதோ. பிரெஞ்சுக்காரியும் கிடையாது, பிச்சைக்காரியும் கிடையாது. இவளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். எலேயாசார் மல்தொனாதோ. இதே தெருவுல ரட்சிப்பின் பாறை சபை. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு ஆராதனை. எல்லாரும் வரலாம்."

கூட்டம் கைதட்டியது பாருங்கள், தோட்டத்து வேலி அதிர்ந்தது. பிரிசிலா பழக்கதோஷத்தில் "அல்லேலூயா!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டர் கைதட்டல் அடங்கும் வரை நின்றார். அவருக்கு அது பிடித்திருந்தது, மறைக்கத் தெரியவில்லை. பிறகு மகள் பக்கம் குனிந்தார்.

"அப்பா, நான்…"

"ஆறு வருஷமா எனக்குத் தெரியும். யூனியன் கூட்டத்துலேர்ந்து எவளாவது சிரிச்ச மூஞ்சியோட வீட்டுக்கு வருவாளா?"

"ஏன் கேக்கவே இல்ல?"

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உள்ளே போய்விட்டது. உடனே சரிசெய்துகொண்டார். "பாவத்தைப் பத்தி இப்ப பேசல. அது ஞாயித்துக்கிழமை. இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்றேன். குறுக்கே போயிட்டீங்க. அதை நான் உனக்குச் சொல்லிக் கொடுக்கல."

மைக்கைக் கொடுத்து வடையைத் திரும்பக் கேட்டார். நிக்கானோர் பதற்றத்தில் அதைத் தின்று முடித்திருந்தார்.

மறுநாள் லோய்தா தன் நல்ல நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு சபைக்குப் போனாள். பியானோ பக்கம் போகவில்லை. ஜெபம் முடிந்ததும் பாஸ்டர் எழுந்தார். ஒரு காகிதமும் இல்லாமல், எல்லாருக்கும் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னார். சகோதரி லோய்தா மல்தொனாதோ, உலகப் பாட்டுக்கு வாசித்த காரணத்தால், மூன்று மாதம் ஒழுங்கு நடவடிக்கை. ஆறு வருஷம் பயந்துகொண்டிருந்தது அரை நிமிஷத்தில் நடந்துவிட்டது. நீளமான நடைவழியில் அவள் பின்னால் நடந்து போனாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, அதுதான் கொடுமை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் வாசல் கதவு கிறீச்சிட்டது. முதலில் எவாரிஸ்தோ, வெள்ளை உடுப்பில் கத்தி மாதிரி இஸ்திரி மடிப்போடு. பின்னால் டாகோ, ராணுவ நடையில். அப்புறம் இர்விங், தொப்பியை எடுப்பதும் போடுவதுமாக.

"எங்க வழக்கப்படி கும்பிடற இடத்துல தொப்பி போடணும், உங்க வழக்கப்படி எடுக்கணும். நான் என்ன பண்றது?" என்று கிசுகிசுத்தார்.

"பாதி போட்டுக்கங்க" என்றார் கடைசியாக நுழைந்த நிக்கானோர். எல்லாரும் லோய்தாவின் பெஞ்சிலேயே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"யோவ், நீங்க எதுக்குய்யா வந்தீங்க?" என்றாள் லோய்தா.

"உங்கப்பாதானே மைக்குல கூப்பிட்டாரு. எல்லாரும் வரலாம்னு."

வாசல் பார்க்கிற பிரதர் ஓடி வந்தார். "ஐயா, இங்க உக்காரக் கூடாது. இது நடவடிக்கையில இருக்கறவங்க பெஞ்சு."

"தம்பி," என்றார் நிக்கானோர், "எங்களைவிடத் தகுதியான ஆளுங்க உங்களுக்குக் கிடைப்பாங்களா?"

பியானோவுக்கு ஆள் இல்லாததால், பாஸ்டருக்கு உதவி ஊழியரான டீக்கன் அப்தியாஸ் வீட்டிலிருந்து மின்சாரக் கீபோர்டு கொண்டு வந்திருந்தார். பொத்தானை அழுத்தினால் அதுவே தாளம் போடும். பொத்தான்கள் நிறைய, அப்தியாஸுக்குக் கண்ணாடி மறந்து போயிற்று. ஏதோ ஒன்றை அழுத்தினார். எந்த நாட்டுத் தாளமோ, ஒன்று கிளம்பியது. சபையார் தங்கள் வழக்கப்படி கைதட்டினார்கள். கீபோர்டு ஒரு பக்கம், கைகள் மறு பக்கம். கடைசி பெஞ்சில் ஐந்து முகங்களும் சோற்றில் கல்லைக் கடித்த மாதிரி ஒரே நேரத்தில் சுளித்தன. மேடையில் ஆறாவதாக ஒரு முகமும் சுளித்தது.

இரண்டாவது சரணம் வரைக்கும் பாஸ்டர் பொறுத்துப் பார்த்தார்.

"அப்தியாஸ், அதை அணைங்க."

அப்தியாஸ் அணைத்தார். பாஸ்டர் வேதாகமத்தைத் திறந்தார். திறந்ததை மூடினார். கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார். நாற்பது வருஷத்தில் அவர் பேச்சுக்குத் தடுமாறி யாரும் பார்த்ததில்லை.

"நேத்து ஊரார் முன்னால நான் ஒரு சாட்சி சொன்னேன். என் மகளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான்னு சொன்னேன். எல்லாரும் கைதட்டினாங்க. நானும் வெக்கமில்லாம நின்னு வாங்கிக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "கைதட்டல் எனக்கு, கடைசி பெஞ்சு அவளுக்கா? எந்த ஊரு நியாயம் இது?"

வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சட்டம் சட்டம்தான். அதுல மாத்தம் கிடையாது. ஆனா அவ கைக்கு மூணு மாசம்னா, அந்தக் கையைப் பிடிச்சு வெச்ச கைக்கும் மூணு மாசம்." வேதாகமத்தை அப்தியாஸிடம் கொடுத்தார். "மூணு மாசத்துக்கு நீங்க பிரசங்கம் பண்ணுங்க."

"பாஸ்டர், எனக்குக் காலையிலேர்ந்து வயிறு சரியில்ல…"

அவர் காதில் வாங்காமல் மேடையை விட்டு இறங்கினார். தான் எத்தனையோ பேரை அனுப்பிய அந்த வழியில் தானே நடந்து வந்து, பெஞ்சருகே நின்றார்.

"தள்ளி உக்காரு."

லோய்தா நிக்கானோரைத் தள்ளினாள், நிக்கானோர் எவாரிஸ்தோவைத் தள்ளினார், கடைசியில் டாகோவுக்குப் பாதி உடம்பு பெஞ்சுக்கு வெளியே தொங்கியது. அப்பா உட்கார்ந்தார். எதிர்ச்சுவரையே பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள், சிரிக்கவும் செய்தாள். எது எங்கே முடிகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

சபைக்கு என்ன செய்வதென்று புரியாத அந்த நிமிஷத்தில், முன்வரிசையிலிருந்து சகோதரி பிரிசிலா எழுந்து, யாரையும் கேட்காமல், தன் சொந்தச் சுருதியில் ஒரு பாட்டைத் தொடங்கினாள். பியானோ இல்லை. கீபோர்டு இல்லை. குரல் தனியாக நடுங்கியது. லோய்தாவின் கைகள் தொடைக்கு அடியில் துடித்தன.

"வாத்தியம் தொடக் கூடாது, பாடக் கூடாது," என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே. "கை தட்டக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல. நான்தான் எழுதினேன், எனக்குத் தெரியும்."

அவள் கைகளை வெளியே எடுத்தாள். ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு. அப்பா இரண்டாவது சுற்றிலேயே சேர்ந்துகொண்டார். பிறகு நிக்கானோர், டாகோ, எவாரிஸ்தோ, பாதித் தொப்பியோடு இர்விங். பிரிசிலாவுக்குத் தைரியம் வந்து குரலை உயர்த்தினாள். வரிசை வரிசையாக ஜனங்கள் திரும்பி, கடைசி பெஞ்சைப் பார்த்துத் தட்ட ஆரம்பித்தார்கள். மேடையில் அப்தியாஸ் மட்டும் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பாவின் தோள் லோய்தாவின் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: முப்பத்தாறு வருஷமாக ஒரே கூரையின் கீழ் அவர் மேடையில், அவள் பியானோவில். நினைவு தெரிந்து அவர்கள் இரண்டு பேரும் சபையில் ஒரு பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை. இந்த மூன்று மாதம் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று அவளுக்குக் கவலையாக இருந்தது.